கேபிள் நெட்டிலிருந்து மொட்டைமாடிப் பெட்டிக்கு

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். 11 வருஷமாக ஒரே கேபிள் இணைப்பு. டிவியும் நெட்டும் ஒரே கறுப்பு ஒயரில் வந்தன. நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன், அதாவது நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் (சார்ட்) படித்து அதற்கான குறியீடு போடுவது. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நெட் அரை மணி நேரம் போனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இருந்தும் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். காரணம் கேபிள் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் பெட்டியைக் காட்டினார். கேபிள் ஒயரில் சிக்னல் தூரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வருமாம். அதை நடுநடுவே ஏற்றிவிட ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி ஓடுவது தெரு கரண்டில். வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தாலும் அதற்கு உதவாது.

மழைக்காலம் இன்னொரு தொல்லை. போன ஐப்பசியில் நாலு நாள் விட்டு விட்டு வந்தது. அண்ணன் ஏணி போட்டு ஏறி, ஜன்னலுக்கு வெளியே இருந்த இணைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரல்நுனி அளவு கனெக்டர். உள்ளே கம்பியைச் சுற்றி, புளி போட்டுத் தேய்க்காத செம்புபோலப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினார், நெட் வந்துவிட்டது. ஆனால் இப்படி இன்னும் எத்தனை இணைப்பு அந்தத் தெருவில் இருக்கிறதோ என்று நினைத்தபோதுதான் மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் தெருவில் ஃபைபர் கிடையாது. இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். மிச்சம் இருந்தது 5ஜி வழியாக வரும் வீட்டு நெட். மொட்டைமாடியில் ஒரு பெட்டி மாட்டினால், அது செல்போன் டவரிலிருந்து சிக்னலை வாங்கி வீட்டுக்குள் அனுப்பும். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் முதலில் வந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஏர்டெல்லும் அதே மாதிரி சேவை தருகிறது. இரண்டில் எது என்பதைவிட, உங்கள் மொட்டைமாடிக்கு எந்த டவர் நன்றாகத் தெரிகிறது என்பதுதான் முக்கியம். பணம் கட்டும் முன் 5ஜி போனை எடுத்துக்கொண்டு மாடியின் நாலு மூலையிலும் நின்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சிக்னல் டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் எண்ணாக இருக்கும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது.

வீட்டுக்கார அக்காவிடம் அனுமதி கேட்டபோது அவர் பயந்தது ஒரே விஷயத்துக்கு. "மாடியில ஓட்டை போட்டா மழைக்குத் தண்ணி இறங்கும்மா, போன வருஷம்தான் வெதரிங் கோர்ஸ் போட்டோம்" என்றார். வெதரிங் கோர்ஸ் என்பது தண்ணீர் இறங்காமலிருக்க மாடித் தரையில் போடும் மேல்பூச்சு. அவர் பயம் நியாயமானது. ஏற்கெனவே நட்டிருந்த கொடிக்கம்பத்தில் கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்கிறேன், ஒரு ஓட்டையும் விழாது என்று சொன்னேன். சம்மதித்தார்.

பொருத்த இரண்டு பையன்கள் வந்தார்கள். வந்ததும் படிக்கட்டு ஏறியவுடன் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டப் பார்த்தார்கள். ஒயர் மிச்சமாகும், வேலை சீக்கிரம் முடியும். அங்கே மைனஸ் 104 காட்டியது. தொட்டி டவரை மறைக்கிறது. "தம்பி, அந்தக் கொடிக்கம்பத்துல ஒருதடவை வச்சுப் பாருங்கப்பா" என்றேன். முதலில் சலித்துக்கொண்டார்கள். பெட்டியைக் கையிலேயே தூக்கிப் பிடித்து மெதுவாகத் திருப்பினார் ஒருவர், இன்னொருவர் போனைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டே வந்தார். 99, 95, 91. தெற்குப் பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் மைனஸ் 86. பத்து டிபிஎம் ஏறினால் சக்தி பத்து மடங்கு என்று கணக்கு. 18 என்றால் அறுபது மடங்குக்கு மேல். இருபதடி தூரத்தில் இவ்வளவு வித்தியாசம். தயவுசெய்து அந்த நேரத்தில் கூடவே மாடியில் நில்லுங்கள். அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும், நமக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான்.

பெட்டியிலிருந்து ஒரே லேன் ஒயர் கீழே வருகிறது. டேட்டாவும் கரண்டும் அதிலேயே போகும். அடாப்டரையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் செருகச் சொல்லி நான் அடம்பிடித்ததற்கு இப்போது பலன் தெரிகிறது. டவருக்குச் சொந்தமாக பேட்டரி உண்டு. எங்கள் தெருவில் கரண்ட் போனாலும் வேலை நிற்பதில்லை.

ஆனால் பழைய இணைப்பை அன்றே வெட்டவில்லை. ஒரு மாதம் இரண்டையும் வைத்திருந்தேன். கூடுதலாகச் செலவானாலும், அதுதான் என்னைக் காப்பாற்றியது. முதல் நாளே விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போகும் வழி) இணைந்தது, ஆனால் ஸ்கிரீன் வெள்ளையாக நின்றது. பழைய நெட்டில் வேலையை முடித்துவிட்டு ஐடி டீமைக் கூப்பிட்டேன். டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எம்டியு அளவை 1500-லிருந்து 1350 ஆகக் குறைத்தார்கள். பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கிக்கொண்டிருந்தன, சின்னதாக்கியதும் போக ஆரம்பித்தன. இது தெரியாமல் நெட் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அடுத்தது சிசிடிவி. வெளியூரிலிருந்து போனில் வாசல் கேமராவைப் பார்க்க முடியாமல் போனது. வயர்லெஸ் நெட்டில் பல வீடுகள் சேர்ந்து ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெளியிலிருந்து நம் டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) நேராகக் கூப்பிட வழியில்லை. டிவிஆரிலேயே பி2பி என்று ஒரு வசதி இருந்தது, டிவிஆர் தானே வெளியே போய் கேமரா கம்பெனியின் சர்வர் வழியாக நம் போனோடு இணைந்துகொள்ளும். அதை ஆன் செய்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் சரியாகிவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். ராத்திரி 8 மணியிலிருந்து 11 வரை வேகம் இறங்கும். பகலில் 100 எம்பிபிஎஸ் முழுசாக வருவது அப்போது 30, 40-இல் நிற்கும். டவரை ஊரே பகிர்ந்துகொள்கிறது, வேறு வழியில்லை. சீரியல், கிரிக்கெட் பார்க்க அது போதும். ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் யோசித்து எடுங்கள், பிங் (நாம் அனுப்பியதற்குப் பதில் வர ஆகும் நேரம்) எனக்கு முன்பு 8 மில்லிசெகண்ட் இருந்தது, இப்போது 30-க்குப் பக்கம். மழைக்குப் பயப்படவேண்டாம். இந்த அலைவரிசையை மழை பெரிதாகப் பாதிப்பதில்லை. எதிரே வேப்பமரம் வளர்ந்து மறைத்தால்தான் கவலை.

பழைய நெட்டை மூடுவதுதான் எல்லாவற்றையும்விட இழுத்தது. போனில் சொன்னதைக் கேபிள் கம்பெனிக்காரர்கள் பதிவே செய்யவில்லை, அடுத்த மாதப் பில்லும் வந்தது. அதன் பிறகு மெயில் எழுதி, மோடத்தின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, ஆபீசில் ஒப்படைத்து, தேதி போட்டு ரசீது வாங்கினேன். அந்த ரசீதைக் காட்டித்தான் பில்லை ரத்து செய்யவைத்தேன். டெபாசிட் 1500 ரூபாய் 41-ஆவது நாள் வந்தது.

கேபிள் அண்ணனிடம் நேரில் போய்த்தான் சொன்னேன். ஃபோனில் சொல்ல மனசு வரவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து இழுத்துக் கொடுத்த ஒயர் அது. "கம்பெனிக்காரன் செய்யறதுக்கு நீ என்னம்மா பண்ணுவ, டிவியாவது வச்சுக்க" என்றார். டிவி அவரிடமேதான் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த ரிமோட்தான் பழக்கம். மாதம் முதல் வாரம் வசூலுக்கு வரும்போது மேலே ஏறிவந்து, கொடிக்கம்பத்துப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.