அரை இட்லி, அரை மணி நேரம்

உடம்பைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன் என்னவோ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 44 என்பதால் இன்சூரன்ஸ்காரர்கள்கூட இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். ஆடியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று அம்மா பிடித்த பிடிவாதத்தில் 2023 ஆவணிக்குத் தள்ளிப்போனது, அதுவரை நடந்த ஒரே தகராறு. அப்போது நான் 128 கிலோ.

வம்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்லீவ் என்கிற இந்த ஆபரேஷனைச் செய்தவர்களுக்குத் தெரியும், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதற்கு எதைப் போடுவது என்று ஒரு டயட் சார்ட் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நீராகாரம், இரண்டு வாரம் மசித்தது, பிறகு குழைவானது. அதுவரை சரி. ஐந்தாம் வாரத்தில் இருந்து ப்ராக்கோலி சூப், அவகாடோ, கிரீக் யோகர்ட். நான் நாமக்கல்காரன். தடுக்கி விழுந்தால் கோழிப்பண்ணை. ஆனால் அந்த சார்ட்டில் முட்டைக்கு ஒரே ஒரு வரி, கொள்ளுக்கு அதுவும் இல்லை.

இதைக் கேட்கலாம் என்று, சீட்டில் எழுதியிருந்த தேதிக்கு, ஆபரேஷன் செய்த கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றில் பெல்ட், பையில் பருப்புத் தண்ணீர் பிளாஸ்க், மூன்றரை மணி நேர பஸ். போய்ச் சேர்ந்தால் டயட்டீஷியன் லீவு. “போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே சார்?” என்கிறது ரிசப்ஷன் பெண். மூன்று நாளாக அதே நம்பருக்குத்தான் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை என்றேன். “அது மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும்தான் சார்.” சீட்டில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தாள். இந்த ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், வீட்டுக்குப் புறப்படும் முன் டயட்டீஷியனின் வாட்ஸ்அப் நம்பரை வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் பில் கட்டுவதற்கு முன்பே வாங்குங்கள், அப்போதுதான் கொடுப்பார்கள்.

கடைசியில் கணக்கை நானும் வீட்டுக்காரியும்தான் போட்டோம். ஒரு நாளைக்குப் புரதம் குறைந்தது 60 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம், பனீர் நூறு கிராமுக்கு 18 கிராம் போல. இட்லியில் இரண்டு தேறினால் அதிகம். அதனால் தட்டில் வரிசை மாறியது. முதலில் முட்டையோ மீனோ, அடுத்து கொள்ளுப்பருப்புக் கடைசல், கடைசியில் இடம் இருந்தால் அரை இட்லி. அந்த அரை இட்லிக்கு அரை மணி நேரம். குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறு நாலு ஸ்பூன் இறங்கிய அன்றைக்கு வீட்டில் பண்டிகைதான். சோற்றுக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி வேண்டும். நாற்பத்தி நாலு வருஷப் பழக்கத்தை விடுவதில் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது இதுதான். சொம்பையே சாப்பிடும் இடத்தில் இருந்து எடுத்துவிட்டோம்.

ஒன்பதாம் வாரம் சார்ட்டில் ‘சிக்கன்’ என்று இருந்தது. எந்த சிக்கன் என்று இல்லை. மச்சான் வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன். வறண்ட துண்டு, கூடவே தேங்காய்ச் சில்லு. இரண்டு வாய்தான் தின்றேன். நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்தது போல நின்றுவிட்டது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறுகிறது, விழுங்கவும் முடியவில்லை. ஹார்ட் அட்டாக் என்று மச்சான் காரை எடுத்துவிட்டான். கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்ததும்தான் மூச்சு வந்தது. இப்போது சிக்கன் என்றால் குழம்பில் ஊறிய, விரலால் பிய்த்தால் பிய்கிற துண்டு மட்டும். வாந்தி இப்படி ஒரு வேளையோடு நின்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பிடிக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

நாலாம் மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. பயந்துபோய் எண்ணெய், ஷாம்பு என்று ஆயிரக்கணக்கில் தண்டம் அழுதேன். உடம்பு வேகமாக இளைத்தால் இது வருவதுதானாம், சில மாதத்தில் தானாக நிற்குமாம். நின்றது. ஷாம்புக் காசுதான் போனது போனது.

நிஜமாகவே கோபம் வந்தது மாத்திரை விஷயத்தில். எனக்கு எழுதியிருந்தது கால்சியம் சிட்ரேட். எங்கள் தெரு மெடிக்கலில் அது இல்லாமல் கார்பனேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். “ரெண்டும் கால்சியம்தானே அண்ணா?” கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அது ஊறுகிற இடத்தில் பாதிக்கு மேல் வெட்டிப் போட்டாயிற்றே! போதாததற்கு, நான் அந்தக் கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு டீ. ஆறாம் மாதம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 10.4-க்கு இறங்கியிருந்தது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் டீ, காபி கூடாது என்று அன்றுவரை எனக்கு யாருமே சொல்லவில்லை. சீட்டில் “1-0-1” என்று மட்டும்தான் இருந்தது. இப்போது செல்போனில் மூன்று அலாரம் வைத்திருக்கிறேன். பி12 ஊசியும் போடுகிறேன். மெடிக்கலில் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்கிறேன்.

கல்யாணப் பந்தி தனி வம்பு. இலையில் மிச்சம் வைத்து எழுந்தால் எங்கள் பக்கம் அது சண்டைக்குச் சமம். பெரியப்பா மகள் கல்யாணத்தில் அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஒரு வாய் கண்ணு, பாயசம் தண்ணிதானே” என்று ஊற்றிவிட்டார். தண்ணியாக இருப்பதுதான் வினையே, சர்க்கரை நேராகக் குடலுக்கு இறங்கிவிடும். பத்தே நிமிஷம். படபடப்பு, சட்டை நனைய வேர்வை, வயிற்றைப் பிசைந்தது. மாப்பிள்ளை ரூமில் போய்ப் படுத்துவிட்டேன். மாப்பிள்ளை வெளியில் நிற்கிறார்.

ஆபரேஷனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சொன்னாலும், “அப்பவே வாயைக் கட்டியிருந்தா இவ்வளவு செலவு ஆகியிருக்குமா?” என்று ஒரு பிரசங்கம். பல கல்யாணத்துக்குப் போகாமலே இருந்து, அதற்கும் கெட்ட பேர் வாங்கினேன்.

போன தை மாதம், 89 கிலோவில், சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில்தான் வழி தெரிந்தது. முதல் பந்தி உட்காரும்போதே வேட்டியை மடித்துக் கட்டி ரச வாளியைக் கையில் எடுத்துவிட்டேன். பரிமாறுகிறவனை யார் சாப்பிடச் சொல்லப்போகிறார்கள்? நாலு பந்தி ஓடினேன், மூச்சு வாங்கவில்லை. அத்தை இலைக்கு வந்ததும் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன். “போதும் கண்ணு, போதும்” என்று கையை மறித்தார்.