தார்ச் சாலையில் ஒரு கோடைக்கால உத்தியோகம்

அமெரிக்காவுக்கு சிவில் முதுநிலை படிக்க வரும் நம் பிள்ளைகள், கோடை இன்டர்ன்ஷிப் என்றதும் தனியார் ஆலோசனை நிறுவனங்களைத்தான் தேடி ஓடுகிறார்கள். சாலைகளையும் பாலங்களையும் கவனிக்கும் மாநிலப் போக்குவரத்துத் துறைகள் ஆண்டுதோறும் கோடைக்கு மாணவர்களைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், “அரசாங்க வேலையாயிற்றே, நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். போக்குவரத்துப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு கோடையை மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் கழித்தேன். எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. சில குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மத்திய அரசு வேறு, மாநில அரசு வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசுப் பணிகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் அந்த விளம்பரங்களைப் படித்து ஏங்குவதில் பயனில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். மாணவர்களை எடுக்கும் மத்திய அரசின் ‘பாத்வேஸ்’ திட்டத்தில் சேர்ந்து, குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்து, படிப்பையும் முடித்தவர்களைப் போட்டியில்லாமலே நிரந்தரப் பணிக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. மாநிலங்களில் நிலைமை வேறு. சில மாநிலங்கள் விசா மாணவர்கள் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடும். மற்றவை, இந்த நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு நகர்ப்பகுதிக்கும் போக்குவரத்துத் திட்ட அமைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அந்த அமைப்புகளும் மாணவர்களை எடுப்பதுண்டு. அங்கே போட்டியும் கொஞ்சம் குறைவு.

எதற்காக இவர்கள் மாணவர்களைத் தேடுகிறார்கள்? பனி கொட்டும் மாநிலங்களில் குளிர்காலம், சாலை வேலைக் காலம் என்று இரண்டே பருவங்கள்தான் என்று கேலியாகச் சொல்வார்கள். பனி விலகியதும் தொடங்கி மீண்டும் உறைவதற்குள் ஓராண்டு வேலையை முடித்தாக வேண்டும். அந்த மாதங்களில் ஒப்பந்ததாரரின் வேலையை மேற்பார்வை பார்க்க ஆள் போதாது. நம்மை எடுப்பது அந்தப் பற்றாக்குறைக்குத்தான். இது புரிந்தபிறகு விண்ணப்பத்தில் எதை முன்னால் வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடுகிறது. என் ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு அவர்களுக்கு வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்குக் களத்தில் நிற்க முடியுமா, கான்கிரீட் சோதனை செய்யத் தெரியுமா, வண்டி ஓட்டுவாயா, இவைதான் வேண்டும்.

விளம்பரங்கள் இலையுதிர் காலத்திலேயே வரத் தொடங்கிவிடும். மார்ச் மாதத்தில் தேடுகிறவர்களுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். முதல் சுற்றில் விண்ணப்பத்தைப் படிப்பவர் பொறியாளர் அல்ல, மனிதவளப் பிரிவில் இருப்பவர். விளம்பரத்தில் ‘குறைந்தபட்சத் தகுதி’ என்று போட்டிருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் விண்ணப்பத்தில் அதே சொற்களில் இருக்கிறதா என்று அவர் சரிபார்ப்பார். அழகாக வடிவமைத்த ஒரு பக்க ரெஸ்யூமே இங்கே எடுபடாது. அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்ப வேண்டும். நான் ஊரில் இளநிலை படித்தபோது ஆய்வகத்தில் செய்த சோதனைகளின் பெயர்களைக்கூட வரிசையாக எழுதினேன். நேர்காணலில் அவர்கள் விரல் வைத்துக் கேட்டது அந்த வரியைத்தான்.

படிவத்தில் ஒரு வில்லங்கமான கேள்வி உண்டு. இப்போதோ பின்னரோ வேலை விசாவுக்கு எங்கள் ஆதரவு தேவைப்படுமா என்று கேட்பார்கள். ‘ஆம்’ என்றால் கணினியே தள்ளிவிடுமோ என்று பயம், ‘இல்லை’ என்றால் பொய்யாகிவிடுமோ என்று தயக்கம். படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதியைப் பல்கலைக்கழகமே தருகிறது. வேலை தருபவர் அரசுக்கு எந்த மனுவும் போட வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. இதை விளக்கி, பயிற்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு நேராகத் தொலைபேசியில் பேசினேன். அவர் விசாரித்துவிட்டு, இந்தக் கோடை வேலைக்கு மட்டும் எது உண்மையோ அதை எழுதினால் போதும் என்றார். அந்தப் பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொண்டேன். அரசு அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும் எழுத்தில் இருப்பதுதான் பேசும்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். கள வேலை என்றால் துறையின் வண்டியை ஓட்ட வேண்டும். அதற்கு இந்த நாட்டு உரிமம் வேண்டும். ஊரில் நான்கு சக்கர உரிமம் வைத்திருந்தது நல்லதாகவும் போயிற்று, தொல்லையாகவும் போயிற்று. நம் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். சுள்ளென்று வெயிலடிக்கும் நாளில், ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பழகினேன். ‘ஸ்டாப்’ பலகையைப் பார்த்தால் வேகம் குறைத்து நழுவிப் போவது இங்கே நிறுத்தியதாகக் கணக்கில் வராது. சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். கார் இல்லாத மாணவர்கள் இதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள், பிறகு இடம் கிடைத்தும் அலுவலக மேசைக்கு அனுப்பப்படுகிறார்கள்.

நேர்காணல் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே கேள்விகள். தாளைப் பார்த்துப் படித்தார்கள், நான் சொன்னதைக் குனிந்து எழுதினார்கள். சிரிப்பில்லை, தலையசைப்பில்லை. தேறமாட்டோம் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள், யாருக்கும் சலுகை காட்டியதாகப் பேச்சு வரக் கூடாது என்பதற்காக முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் தேர்வாணையத்துக்குப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

வேலை கிடைத்த பிறகு வந்ததுதான் உண்மையான தலைவலி. சி.பி.டி.க்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வந்தவர்களுக்கு மே மாதத்தில் அது நிறைவேறிவிடும். அதோடு, வேலை படிப்பின் அங்கமாக இருக்க வேண்டும் என்பதால், என் பல்கலைக்கழகத்தில் கோடையில் ஒரு கிரெடிட் பாடமாகப் பதிவு செய்து அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. சம்பாதிக்கப் போவதற்குப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பம். பொறுத்துக்கொண்டேன். பணி ஆணையில் தொடங்கும் நாள், முடியும் நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை நடக்கும் இடத்தின் முகவரி, செய்யப்போகும் வேலை எல்லாம் இருந்தால்தான் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம், மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தில் அனுமதியைப் பதியும். துறை அனுப்பிய ஆணையில் வாழ்த்துக்கும் சம்பளத்துக்கும் மேல் ஒன்றுமில்லை. “எல்லோருக்கும் இதே கடிதம்தான்” என்றார்கள். மாணவர் அலுவலகமோ, “இது போதாது” என்றது. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் அலைந்தேன். கடைசியில் என்ன எழுத வேண்டும் என்று நானே ஒரு பத்தி தயாரித்து அனுப்பினேன். அதைத் தலைப்புத்தாளில் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதலிலேயே பத்தியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில் போட்டிருக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட, பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டாலும், போய் உட்காரக் கூடாது. வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் முதலில் மாணவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் சில வாரங்கள் தார் போடும் இடத்தில் டிக்கெட் வாங்கினேன். பஸ் டிக்கெட் அல்ல. ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு லாரியும் எவ்வளவு எடை கொண்டுவந்தது என்ற சீட்டு. அதை வாங்கி, நேரத்தையும் கலவையின் சூட்டையும் குறித்து, போட்ட நீளத்தோடு கணக்குப் பார்க்க வேண்டும். ஓர் அங்குல கனத்துக்குச் சதுர கெஜத்துக்கு 110 பவுண்டு என்பது மனக்கணக்கு. அப்படியானால் 12 அடி அகலத் தடத்தில் ஒன்றரை அங்குலம் போடும்போது 20 டன் லாரி ஒன்று ஏறக்குறைய 180 அடி வர வேண்டும். 200 அடி வந்தால் எங்கோ மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அரசு பணம் கொடுப்பது டன் கணக்கில் என்பதால் அந்தச் சீட்டுக் கட்டு காசோலைக்குச் சமம். அப்பா தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தொலைபேசியில், “படிக்கப் போன பிள்ளை இப்படி ரோட்டில் நிற்கிறாளே” என்று வருந்த, அப்பா பின்னாலிருந்து, “கலவை என்ன சூட்டில் வருகிறது, கேள்” என்பார். 300 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 150 செல்சியஸை ஒட்டி என்றால் திருப்தியாகிவிடுவார்.

கான்கிரீட் வேலையில் ஒரு புதிய பாடம் கிடைத்தது. ஈரக் கான்கிரீட்டின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனை நமக்குத் தெரிந்ததுதான்: கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, மேலே தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளப்பது. காற்றின் அளவை நான் ஊரில் அளந்ததே இல்லை. இங்கே கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களை வேண்டுமென்றே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் நீர் உறையும்போது 9 சதவீதம்போல் விரியும். அந்த விரிவுக்கு இடம் இல்லாவிட்டால் சில குளிர்காலங்களிலேயே மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். எங்கள் ஒப்பந்தத்தில் காற்று 6 சதவீதம், கூடக்குறைய ஒன்றரை. ஒரு நாள் காற்றை அளக்கும் அழுத்தமானியைப் பூட்டி, பம்ப் அடித்து, வால்வைத் திறந்தேன். முள் நாலுக்குக் கீழே நின்றது. லாரி ஓட்டுநர் கீழே இறங்கி என்னைப் பார்த்தார், மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். கலந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம், பாதி நேரம் போயிருந்தது. மறுபடி மாதிரி எடுத்துச் சோதித்தோம், அதே அளவு. என் மேற்பார்வையாளர் வந்து பார்த்து லாரியைத் திருப்பி அனுப்பினார். மணிக்கு 21 டாலர் வாங்கும் மாணவி எடுத்த அளவை வைத்து ஒரு முழு லாரி கான்கிரீட் திரும்பிப் போயிற்று. அன்று யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கோடையின் கடைசியில் பாலப் பிரிவுக்குச் சில நாட்கள் அனுப்பினார்கள். 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகுதான் இந்த நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் பரிசோதிக்கும் தேசிய விதிமுறை வந்தது. இப்போது பெரும்பாலான பாலங்களை 24 மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நான்கும் அதற்குக் கீழும் மோசம். பாலத்தின் தளத்தில் கனமான சங்கிலிகளை இழுத்துக்கொண்டே நடப்போம். நல்ல கான்கிரீட்டில் கணீரென்று கேட்கும் சத்தம், உள்ளே பிளந்திருக்கும் இடத்தில் சட்டென்று மாறிவிடும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய காது இருந்தால் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்துப் படம் வரைவது என் வேலை.

சம்பளத்தில் ஒரு விஷயம். எஃப்-1 விசாவில் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகாதவர்களிடம் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரி, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி இரண்டையும் பிடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். என் முதல் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். சம்பளப் பிரிவுக்கு வருமான வரித்துறையின் வெளியீடு 519-ஐ அனுப்பிய பிறகு திரும்ப வந்தது. ஆண்டு முடிவில் வெளிநாட்டவருக்கான வருமான வரிக் கணக்கான 1040-என்ஆர் படிவம் நிரப்பும்போது, இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வேறு பல நாட்டு மாணவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வேலை முடிவதற்குள் மனிதவளப் பிரிவில் இரண்டு கேள்விகள் கேட்டேன். வேலைக்கு எடுப்பவரின் பணி அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசு ஏற்பாடான ஈ-வெரிஃபையில் இருக்கிறீர்களா? வேலை விசாவான எச்-1பிக்கு எனக்காக மனு செய்வீர்களா? படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியான ஓ.பி.டி.யை 24 மாதங்கள் நீட்டிக்க, வேலை தருபவர் ஈ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும் என்பதால் முதல் கேள்வி. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தது. அதனால் நிரந்தர வேலைக்கு அங்கே விண்ணப்பிக்கவில்லை. துறையின் சார்பில் கட்டுமான மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனங்களின் பெயர்கள் அந்தக் கோடையின் களக் குறிப்பேட்டிலேயே இருந்தன. அவர்களுடைய பொறியாளர்களோடுதான் தினமும் நின்றிருந்தேன். செப்டம்பரில் முதல் கடிதங்களை அவர்களுக்குத்தான் அனுப்பினேன். இப்போது அவர்களில் ஒரு நிறுவனத்தில்தான் வேலை.