ஐ-10 சாலையைப் பிடித்தபடி சான் டியேகோ வரை

நான் வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். விமானம் ஓட்டப் பழகியது ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில். இரண்டும் தட்டை. சுகர் லேண்ட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 அடி. அங்கே மேடு என்றால் மேம்பாலம்தான். இந்த அக்டோபரில் ஃப்ளையிங் கிளப்பின் செஸ்னா 172-ஐ (ஒற்றை இன்ஜின் சிறு விமானம்) எடுத்துக்கொண்டு, சான் டியேகோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கணவரோடு போவதாகத் திட்டம். "டிக்கெட் போட்டா மூணு மணி நேரத்துல வந்துடலாமேடி" என்றாள் அக்கா. வரலாம்தான். எதிர்க்காற்று இருந்தால் எங்களுக்குப் பறக்க மட்டுமே 11, 12 மணி நேரம் ஆகும்.

கொலராடோ வழியாகச் சுற்றிப் போ, கண்கொள்ளாக் காட்சி என்கிறார்கள் கிளப்பில். அங்கே 14,000 அடியைத் தாண்டும் சிகரங்கள் ஐம்பதுக்கு மேல். எங்கள் 172 முக்கி முனகி எட்டும் உயரமும் அதே 14,000. எனக்கு வேண்டாம்.

ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டே போகப் போகிறேன். ஃபோர்ட் ஸ்டாக்டன், வான் ஹார்ன், எல் பாசோ, டெமிங், டூசான். டூசானைத் தாண்டியபின் ஐ-8 சாலைக்கு மாற்றம். வடக்கே 8,751 அடி குவாடலூப் சிகரம், தெற்கே டேவிஸ் மலைகள். சாலை நடுவே நுழைந்து போய்விடுகிறது. நியூ மெக்சிகோவில் கண்டத்தின் நீர்ப்பிரிவு மேட்டையே சுமார் 4,500 அடியில் கடந்துவிடுகிறது. இன்ஜின் நின்றால் கீழே சாலையும் ஆட்களும் இருப்பார்கள் என்பதும் ஒரு கணக்கு.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருவது டென்சிட்டி ஆல்டிட்யூட்: வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைவதால் விமானம் இன்னும் உயரத்தில் இருப்பதுபோல் திணறும், அந்த 'உணரும்' உயரம். பரீட்சைக்குப் படித்தது, ஹூஸ்டனில் அதை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. எல் பாசோ 3,962 அடி. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் சுமார் 7 டிகிரி. கோடையில் 35 டிகிரி அடித்தால் 28 டிகிரி கூடுதல்; டிகிரிக்கு 120 அடி வீதம் போட்டால் விமானத்தைப் பொறுத்தவரை அது 7,300 அடி. கடல் மட்டத்தில் 960 அடி ஓடி எழும்பும் விமானம் அங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல் ஓடும். ஏறுவதும் மந்தம். ஹூஸ்டனில் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பியே பழகிய கை, அங்கே அதைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும். அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததும், விடியும்போதே கிளம்புவதும் இதற்காகத்தான்.

அப்புறம் எடை. மொத்தம் 2,550 பவுண்டுக்கு மேல் கூடாது. டேங்கை நிரப்பினால் பயன்படும் பெட்ரோல் 53 கேலன், அதுவே 318 பவுண்டு. இவர் தன்னை 82 கிலோ என்று சொல்லிக்கொள்வார். தராசில் ஏற்றினேன்: 91. அக்காவுக்கு வாங்கிய வெண்கல உருளி தபாலில் போகிறது.

எனக்கு உண்மையில் பயம் கடைசி 80 மைல்தான். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு 54 அடி கீழே. அங்கிருந்து கிளம்பியதுமே லகூனா மலைகள். பக்கத்து குயமாக்கா சிகரம் 6,512 அடி. அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டுமென்றால் 8,500. மேற்கே போகிறவர்களுக்கு விதிப்படி சரியான உயரமும் அதுவே. சிக்கல் என்னவென்றால், அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். மதகைத் தாண்டிய தண்ணீர் அந்தப் பக்கம் எப்படிச் சுழன்று அடிக்குமோ, மலையைத் தாண்டிய காற்றும் அப்படியே பாலைவனப் பக்கம் இறங்கும். நான் ஏறி வருவது சரியாக அந்தப் பக்கம். விமானம் மூக்கைத் தூக்கியபடியே உயரம் இழக்கும். அதனால் சமவெளியிலேயே வட்டமடித்து 8,500 எட்டிவிட்டுத்தான் மலையை நெருங்குவேன். அதுவும் நேராக அல்ல, 45 டிகிரி சாய்வாக. கீழே தள்ளினால் பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

மலை உச்சியில் காற்றின் வேகம் 25 நாட்-க்கு (மணிக்கு சுமார் 46 கி.மீ.) மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் போகவே போவதில்லை. விமானத்தை இம்பீரியலில் கட்டிப்போட்டுவிட்டு வாடகைக் கார். ஐ-8 சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் அக்கா வீடு. இவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப டூசான்லேர்ந்தே கார் எடுத்துடலாமே" என்றார். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.