வடக்கு ஜன்னலும் தெப்பக்குளக் கரையும்: பாப்பாவின் படங்களுக்கான நாட்குறிப்பு

2024 நவம்பர் 10, ஞாயிறு

தங்கைக்கு மாதக் கடைசியில் பிரசவம் என்று மருத்துவர் நாள் சொல்லியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு மதுரை பழங்காநத்தத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. கீழே அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருக்க, நான் மாடியறையில் நாள் முழுவதும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலையணையின் மேல் துண்டைச் சுற்றிக் கட்டிலில் கிடத்தி, காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொரு படம் எடுத்தேன். கிழக்கு ஜன்னலில் 9 மணி வரை வெயில் நேராக விழுந்து பாதித் துண்டு வெளுத்தும் பாதி இருண்டும் போகிறது. இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஜன்னலில் ஒரு பொழுதும் வெயில் நுழைவதில்லை. வெளிச்சம் மட்டும் பால் போலப் பரவுகிறது. கட்டிலை அந்த ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டால் நிழல் விழும் பக்கமும் தெளிந்துவிடுகிறது. இடம் முடிவாயிற்று.

இத்தனை முன்னேற்பாடு எதற்கு என்று அம்மா கேட்டார். எனக்கு ஒரு வயது நிறைவதற்கு முன் 1987இல் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன். வலது ஓரத்தில் இரண்டு வளையல் போட்ட கை ஒன்று விரிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை அம்மாவுடையது. எனக்கு நான்கு வயதாகும் வரை அம்மா அதற்கு மேல் எந்தப் படத்திலும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாமல், வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பச்சிளங் குழந்தைகளைப் படமெடுக்கும் ஸ்டூடியோ ஒன்றுக்கு மாப்பிள்ளையும் நானும் போய் வந்தோம். கூடைகள், கம்பளித் தொப்பிகள், மரத்தில் செய்த சிறு கட்டில் என எல்லாம் அழகாகவே இருந்தன. குழந்தை இரு கைகளிலும் மோவாயை ஊன்றிக்கொண்டு தூங்கும் படம் சுவரில் பெரிதாக மாட்டப்பட்டிருந்தது. அந்த நிலையில் எந்தக் குழந்தையும் தானாக இருக்க முடியாது. ஒரு முறை தலையையும் மறுமுறை மணிக்கட்டுகளையும் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க, இரண்டு படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைப்பதே அதற்கான முறை. அதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டபோது, அங்கிருந்த பையன், வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும் என்று சாதாரணமாகச் சொன்னான். குளிரூட்டிய அறையில், துணியில்லாத குழந்தையை, அவர்கள் ஒதுக்கித் தரும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கொண்டு வர வேண்டுமாம். மாப்பிள்ளை படியிறங்கியதும், "மச்சான், வீட்டிலேயே எடுத்துக்கொள்வோம்" என்றார். நானும் அதே முடிவில்தான் இருந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

நேற்று அதிகாலை பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் நான்கே படங்கள் எடுத்தேன்: தங்கையின் கட்டைவிரலைப் பற்றியிருக்கும் கை, மணிக்கட்டில் கட்டிய அடையாளப் பட்டை, மாப்பிள்ளை முதன்முதலாக வாங்கிப் பிடித்த நேரம், அம்மா எட்டிப் பார்க்கும் முகம். தங்கை களைத்திருந்தாள், அதற்கு மேல் கேமராவை எடுக்க மனம் வரவில்லை.

டிசம்பர் 4, புதன்

படமெடுப்பது பற்றி வீட்டில் பேச்சு நடந்தது. 84 வயதான என் அப்பத்தா, முப்பது நாள் கழியாமல் பச்சைப் பிள்ளையைப் படம் பிடிப்பது ஆயுளுக்கு ஆகாது என்று உறுதியாக இருந்தார். முதல் இரண்டு வாரத்துக்குள் எடுப்பதுதான் நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் குழந்தை பெரும்பாலும் ஆழ்ந்து தூங்கும். வயிற்றுக்குள் இருந்தது போலவே கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து விழிப்பு கூடுகிறது, வயிற்று வலியால் அழுகை வருகிறது, பல குழந்தைகளுக்கு முகத்தில் சிறு பருக்களும் தோன்றுகின்றன. இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொல்லி வெல்ல நான் விரும்பவில்லை. படம் எடுப்பேன், ஆனால் முப்பதாம் நாள் பெயர் சூட்டும் வரை ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை ஒரு படத்திலும் அழிக்க மாட்டேன் என்று சொன்னேன். சற்று யோசித்தவர், "ஊர்க் கண்ணுல படாம இருந்தாச் சரிய்யா" என்றார். அவருடைய அச்சத்தில் இருந்த அக்கறைக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பதினோராவது நாள். தங்கையின் கணக்குப்படி பாப்பா காலை 9 மணிக்குப் பால் குடித்து ஏப்பம் விட்டதும் இரண்டு மணி நேரம் தூங்குவாள். அதனால் 8 மணிக்கே மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, அறையை வெதுவெதுப்பாக்கி வைத்தேன். எங்களுக்கு வியர்த்தால்தான் துணி விலகிய பிள்ளைக்கு இதமாக இருக்கும். தரையில் இரண்டு மெத்தைகளை விரித்து, கட்டிலில் பாப்பாவின் தலைமாட்டில் அம்மாவை உட்காரச் சொன்னேன். அம்மாவின் கை எப்போதும் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. மேலிருந்து எடுக்கும்போது கேமரா வார் என் கழுத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

ஃப்ளாஷைத் தொடவேயில்லை. 50 மி.மீ. லென்ஸைத் திறப்பு 2.8இலும், ஷட்டரை நொடியில் 200இல் ஒரு பங்கிலும் வைத்து, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 800க்கு உயர்த்தியபோது ஜன்னல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. ஷட்டர் ஒலிக்குக்கூட முதலில் இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டாள். அம்மா துவைத்துக் காயவைத்த வேட்டித் துணியால் கைகளைச் சேர்த்துச் சுற்றியதும் அடங்கிவிட்டாள். மடிப்புகளில் தோல் உரிந்திருந்தது, தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. இரண்டையும் மறைக்காமலே எடுத்தேன். பிறந்த பத்து நாளின் உண்மை அதுதான். தங்கை வாங்கி வைத்திருந்த ஜரிகைப் பட்டுப் பாவாடையை அணிவிக்கவில்லை. ஜரிகை அந்தத் தோலை உறுத்தும்.

ஒன்றைக் கவனித்தேன். அம்மா கிளிப்பச்சைச் சேலையில் குனிந்தபோதெல்லாம் பாப்பாவின் கன்னத்தில் பச்சைச் சாயல் ஏறியது. அருகில் உள்ள துணியின் நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்து தோலில் விழுகிறது. அம்மா சந்தன நிறச் சேலைக்கு மாறி வந்தார். அதன் பிறகு எடுத்த படத்தில், அம்மாவின் உள்ளங்கையில் பாப்பாவின் தலையும் அதைப் பார்க்கும் அம்மாவின் முகமும் இருக்கின்றன. தங்கை பசிக்கு எழுப்பும் முன்பே 40 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

212 படங்களில் 31 தேறின. கணினியில் ஒரு படி, ஹார்ட் டிஸ்கில் ஒரு படி, திருமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டில் வைக்க ஒரு படி. மூன்றும் முடியும் வரை மெமரி கார்டை அழிக்கவில்லை.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

தங்கை சித்திரையில் புகுந்த வீடு போகிறாள். அதற்குள் இரு வீட்டாரும் வெளியே ஓரிடத்தில் சேர்ந்து நின்று ஒரு படம் வேண்டும். காலையிலிருந்து இடம் பார்த்தேன்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் தடை, கேமராவும் கூடாது. வெளியே சித்திரை வீதியில் எடுக்கலாம். கிழக்குச் சித்திரை வீதியில் காலையில் கோபுரம் பளிச்சென்று தெரியும், ஆனால் கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் கண்ணில் வெயில் நேராக அடிக்கும். தெற்குச் சித்திரை வீதியில் வெயில் பக்கவாட்டில் விழும் என்பதால் அதுவே ஏற்றது. ஆனால் அப்பத்தா வண்டி நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு நடுவே எனக்கு ஆசை இருந்தது, படிகளை எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரங்களின் நிழலும் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் ஒன்றாக இருக்கின்றன. படத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் இரண்டு மாதப் பிள்ளைக்குத் திடீரென்று ஏதாவது என்றால் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது எனக்குச் சரிப்படவில்லை.

கடைசியாக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனேன். சாலை குளத்தை ஒட்டியே போவதால் அப்பத்தா ஆட்டோவிலிருந்து இறங்கி நான்கு எட்டு வைத்தால் போதும். கிழக்குக் கரையில் நின்றால் எதிரே நீரும் மைய மண்டபமும், அதன் பின்னே இறங்கும் சூரியனும் இருக்கும். 11ஆம் தேதி தைப்பூசத் தெப்பத் திருவிழா. கூட்டம் கலைந்த பிறகு நீர் நிரம்பிய குளம் நமக்குக் கிடைக்கும். 6ஆம் தேதி பாப்பாவுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி. அதன் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். எனவே 16ஆம் தேதி என்று இரு வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா சமையலறையை விட்டு வரமாட்டேன் என்றார். வந்தவர்களுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று கேட்டார். இதை எதிர்பார்த்து நேற்றே இரவுச் சாப்பாட்டை வெளியே சொல்லி வைத்திருந்தேன். அதன் பிறகுதான் தங்கையின் மாமியார் கொடுத்த சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டினார்.

மாலை 4.45க்கு வீட்டிலேயே பால் கொடுத்து, 5.30க்குக் குளக்கரையில் இருந்தோம். பாப்பாவுக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை; தங்கையின் தோளில் சாய்த்து, பின்கழுத்தில் மாப்பிள்ளையின் கை. அப்பத்தாவுக்கும் திருமங்கலத்துத் தாத்தாவுக்கும் முக்காலி. ஒன்பது பேரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும்படி நிறுத்தி, திறப்பை 5.6க்குக் குறைத்தேன் (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் தெளிவாகவும் பின்னால் இருப்பவர் மங்கியும் போவார்கள். எதிர்வெயிலில் முகங்கள் இருண்டுவிடும் என்பதால் சூரியன் மண்டபத்தின் பின்னே மறையும் வரை காத்திருந்து, முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டினேன்.

குழந்தையை யாரும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் பெரியவர்கள் குழந்தையைப் பார்த்திருப்பார்கள், குழந்தை வேறெங்கோ பார்க்கும். பக்கத்து வீட்டுச் சிறுமி மட்டும் என் தோளுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். தொடர்ந்து பதினைந்து படங்கள் எடுத்தேன். ஒன்பதாவதில் அனைவரும் பார்க்கிறார்கள். பதினோராவதில் அம்மா பாப்பாவின் காலுறையைச் சரிசெய்கிறார், அப்பத்தா அதைப் பார்த்துச் சிரிக்கிறார், பின்னால் நீரில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அந்தப் படத்தையே பெரிதாக அச்சிடப் போகிறேன். 6.10க்குக் கொசு வந்தது, உடனே கிளம்பிவிட்டோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாப்பா குப்புற விழத் தொடங்கிப் பத்து நாளாகிறது. நாளை மறுநாள் திருமங்கலம் போகிறாள். காலை 7.30க்கு அதே மாடியறையில், கூடத்துப் படத்தில் உள்ளது போல ஒரு கோடு போட்ட விரிப்பைத் தேடி எடுத்துத் தரை மெத்தையில் போட்டேன். அவளுடைய கண் மட்டத்துக்கு நானும் தரையில் படுத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் தலையை நிமிர்த்துவாள், பிறகு முகத்தைப் புதைப்பாள். தூக்கி ஆற்றிவிட்டு மறுபடி கிடத்தினோம்.

அம்மா பழக்கத்தில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சட்டகத்துக்கு வெளியே நகர்ந்தார். நான் நான்கடி பின்வாங்கினேன். இப்போது அம்மா முழுதாகத் தெரிந்தார்: சம்மணமிட்டு, ஒரு கை விரிப்பில், மறு கை மடியில். "ஏப்பா, நானுமா விழுகுறேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு மீண்டும் அதே இடத்தில் உட்கார்ந்தார். 1987 படத்தின் அளவிலேயே அச்சிட்டுச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆவணியில், ஒன்பதாம் மாதத்தில், அழகர்கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். பாப்பா உட்காரப் போவது என் மடியில். தாய்மாமன் மடியில் இருந்துகொண்டு கேமராவைத் தொட முடியாது என்பது இன்றுதான் உறைத்தது. இத்தனை மாதப் படங்களைப் புரட்டினால் பாப்பாவோடு நான் இருக்கும் படம் ஒன்றுமில்லை.

மதியம் மாப்பிள்ளையை வரச்சொல்லி மாடியறையில் உட்கார வைத்தேன். காது குத்தும் நொடியை மட்டும் எடுத்தால் அழுகை மட்டுமே மிஞ்சும். அதற்கு முன் பாப்பா ஆசாரியின் பெட்டியை வியந்து பார்ப்பதையும், பின்னர் தங்கை வாங்கித் தோளில் போடுவதையும் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். மரத்தடி நிழலானால் இன்ன அளவு, மண்டபத்துக்குள் என்றால் இன்ன அளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு நவம்பரில் துண்டு சுற்றி வைத்த அதே தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என் முன்னால் மண்டியிட்டு, "மச்சான், கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றார்.