சுவர்ப் படங்களைப் படியெடுத்தல்: வேலைக் குறிப்பு

2025 பிப்ரவரி 8, சனி

மழை ஈரம் போய் வெயில் நிலைத்துவிட்டது. சுவரில் மாட்டிய பழைய புகைப்படங்களைக் கழற்ற இதுதான் சமயம். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடக்கூடாது; படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துக் கிடக்கும்.

கழற்றும் முன் மாலையோடும் பொட்டோடும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதுவும் குடும்பத்தின் வரலாறுதான். பிறகு சந்தனம், குங்குமத்தை இறுகப் பிழிந்த துணியால் துடைக்கலாம். தண்ணீர் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

அடுத்துக் கீழ் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பூமாலையின் ஈரம் வழிந்து சட்டத்தின் பள்ளத்தில் தங்கும். அதனால் முகம் தெளிவாக இருந்தாலும் வேட்டிக்கரையும் பாதமும் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்; அந்த இடம் நனைந்ததுபோல் கறுத்துத் தெரியும். அதைப் பிய்க்கவே வேண்டாம். உருவம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள்தான் கையோடு வரும். ஊறப்போடுவதும் ஆபத்து: கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் சாயம் கரையும். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள்.

பின்னட்டைக்குள் மடித்து வைத்த செய்தித்தாள் இருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் அதற்கு முன் போட்டதாக இருக்க முடியாது. குறித்ததும் தாளை எடுத்துவிடலாம். அதன் அமிலம் படத்தை மஞ்சளாக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

யூஎஸ்பி வயரிலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை, அதாவது படத்தை ஒட்டியே படிக்கும் உணரி கொண்டவை. படம் ஸ்கேனரின் கண்ணாடியைத் தொட்டால்தான் தெளிவு வரும்; இடையில் 2 மி.மீ. சட்டக் கண்ணாடி வந்தாலே மங்கிவிடும். லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி வகை சமாளிக்கும்.

அது கிடைக்காவிட்டால் கேமரா போதும். இருபுறமும் 45 பாகையில் ஒரே மாதிரியான விளக்குகள், கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணி. துணி இல்லையென்றால் எடுப்பவரின் சட்டையே கண்ணாடியில் விழும்.

சட்டமில்லாத படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளையையும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்: மஞ்சள் கறை, சிவப்பு சேனலில் (வண்ணக் கோப்பின் சிவப்பு அடுக்கில்) ஏறக்குறைய மறைந்துவிடும்.

பிப்ரவரி 15, சனி

இன்று, அட்டையில் பசைக்கோடு போட்டுப் படத்தை ஒட்டிவைக்கும் ஆல்பம். நகத்தால் நெம்பினால் மூலை மடங்கி மேல்பூச்சு வெடிக்கும். டென்டல் ஃப்ளாஸை (பல்லிடுக்கு நூல்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, மெல்ல அறுப்பதுபோல் இழுக்க வேண்டும். அசையாத பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிரித்தவை பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறைக்குப் போகட்டும். பிவிசி உறை கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெயர் எழுதும் நாள். பெரியவர்களிடம் அச்சுப்படியைக் கொடுத்து, இடமிருந்து வலமாகக் கேளுங்கள். “பெரியம்மா” என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அது யாரென்று தெரியாது. முழுப்பெயர், ஊர், யாருடைய பெரியம்மா என்பது வேண்டும். பழைய தாளின் பின்புறம் மென்பென்சிலால் எழுதலாம். வழவழப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் முன்பக்கம் புடைக்கும், உறைமேல் எழுதுங்கள்.

உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அளவு சுருங்கிவிடும்.