ஒரு பவுண் சீட்டும் அப்பம்மாவின் ஒன்பது பிள்ளைகளும்

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் என் அப்பம்மா ஒன்பது என்றுதான் சொல்வார். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வயற்கரை வீட்டில் நாங்கள் கண்டது ஐந்து பேரை. மற்ற நாலு பேரும் "தங்கவில்லை". இறந்துபோனார்கள் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. இரண்டு பேர் குளிர்காய்ச்சலில், ஒன்று வயிற்றோட்டத்தில், ஒன்று பிறந்த அன்றே. அதற்குப் பிறகு பிறந்த பெரியப்பாவுக்குப் பிச்சை என்று பெயர் வைத்தார்கள். பிச்சையாக வாங்கிய பிள்ளையை எமன் பறிக்கமாட்டான் என்ற நம்பிக்கை. அவர் 81 வயது வரை இருந்தார்.

நான் 33 வருடம், தாயையும் கைக்குழந்தையையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீட்டுப் படலையில் நின்று "மிஸ்ஸி வந்திருக்கிறேன்" என்று குரல் கொடுத்தே என் பாதி ஆயுள் போயிற்று. அதனால் குழந்தை இறப்பு என்பது எனக்கு வெறும் புள்ளிவிபரம் இல்லை. ஆனால் பணக்கார நாடுகளில் இது எப்போதோ தீர்ந்துபோன விஷயம், பணம் வந்ததும் பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள் என்று நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போய் நாலு மாதம் இருந்தேன். மகளின் தெருமுனையில் ஒரு பழைய தேவாலயம். பின்னேரம் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்த மயானத்துப் பக்கம் நடப்பேன். ஒரு கல்லில் தாய் தகப்பன் பெயர், அதற்குக் கீழே பிள்ளைகள்: மூன்று வாரம், பதினொரு மாதம், இரண்டு வயது. அப்பம்மாவின் கணக்கை யாரோ கல்லில் வெட்டி வைத்ததுபோல இருந்தது. அன்றிரவே மகளின் மடிக்கணினியை வாங்கித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1900-ல் உலகத்திலேயே செல்வம் கொழித்த நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் அவர்களுடைய கடற்படைதான் நின்றது. அந்த நாட்டில் அந்த வருடம் பிறந்த 1,000 குழந்தைகளில் 150-க்கு மேல் ஒரு வயதைக் காணவில்லை. ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஒரு வயதைத் தாண்டிய சிறுபிள்ளைகளின் இறப்பு முந்தைய முப்பது நாற்பது வருடங்களில் குறைந்துகொண்டு வந்தும், கைக்குழந்தைகளின் இறப்பு மட்டும் அசையவில்லை. அதற்கும் இருநூறு வருடம் முன்னே ஆன் மகாராணி 17 முறை கருத்தரித்தும் ஒரு பிள்ளைகூட வளர்ந்து ஆளாகவில்லை. அதிக நாள் இருந்த மகன் 11 வயதில் 1700-ல் போய்விட்டான். அரண்மனைக்கே அந்தக் கதி.

இன்னொன்று வாசித்து வெகுநேரம் யோசித்தேன். 1911-ல் தகப்பனின் தொழில்வாரியாகக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளரின் குழந்தைகள், படித்த உத்தியோகத்தரின் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு இறந்திருக்கின்றன. ஆனால் சம்பளம் மிகக் குறைவான வயல் கூலிகளின் குழந்தைகள் சுரங்கக்காரரின் குழந்தைகளைவிட நன்றாகப் பிழைத்திருக்கின்றன. கையில் இருந்த காசு மட்டும் காரணமில்லை. நகரத்து நெரிசல், மலக்குழி, குதிரைச் சாணத்தில் பெருகிய ஈ, நாள்பட்ட பால் எல்லாம் சேர்ந்திருக்கிறது. 1911 கோடையில் அங்கே கடும் வெயில். வயிற்றோட்டம் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனது. குறைந்துகொண்டு வந்த கணக்கு அந்த ஒரு வருடத்தில் 1,000-க்கு 105-லிருந்து 130-க்கு ஏறியது.

அப்புறம் தெரிந்தது, நான் இருந்த ஊரே இந்தக் கதையில் பெரிய ஊர் என்று. 1904-ல் ஹடர்ஸ்ஃபீல்ட் மேயராக வந்தவர் பெஞ்சமின் பிராட்பென்ட். தன் பதவிக்காலத்தில் லோங்வூட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயதை எட்டினால் தாய்க்கு ஒரு பவுண் பணம் தருவதாக அட்டையில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அது ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். பவுணைவிட முக்கியம், அட்டையோடு ஆட்களும் வீட்டுக்குப் போனார்கள். நகரசபையின் சுகாதார வைத்திய அதிகாரி மூர் என்பவரோடு சேர்ந்து இரண்டு பெண் வைத்தியர்களை வேலைக்கு வைத்து, குழந்தை பிறந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிறந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1906-ல் அந்த ஊருக்கென்றே சட்டம் வந்தது. அடுத்த வருடம் மற்ற ஊர்களும் விரும்பினால் ஏற்றுக்கொள்ளும்படி அப்படியொரு சட்டம், 1915-ல் அது நாடு முழுவதற்கும் கட்டாயம். பிறந்தது தெரிந்தால்தானே படலையைத் தட்ட முடியும்!

இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது என் வேலை. 1926-ல் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவைக் களுத்துறையில் தொடங்கி, மருத்துவமாதை வீடு வீடாக அனுப்பியதும் இதே யோசனையில்தான். 1935-ல், மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய வருடம், இலங்கையில் 1,000-க்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இப்போது பத்துக்கும் கீழே.

அங்கே ஒரு சிறிய நூதனசாலையில் பழைய காலத்துப் பால் போத்தல் ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடிப் போத்தலிலிருந்து நீளமான ரப்பர் குழாய், அதன் நுனியில் சூப்பி. குழந்தை தானாகவே குடித்துக்கொண்டு கிடக்கலாம். அந்தக் குழாயை உள்ளே கழுவவே முடியாது. கொலைப் போத்தல் என்றே பிற்பாடு பெயர் வந்ததாம். எனக்கு 1990 நினைவு வந்தது. இடம்பெயர்ந்த சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நேரம். பதற்றத்தில் பால் வற்றிவிட்டது என்று நம்பிய ஒரு தாய்க்கு யாரோ பால்மாவும் போத்தலும் கொடுத்திருந்தார்கள். கொதிக்கவைக்க விறகில்லை. நான் போய்ச் சேர ஆறு நாளாயிற்று. ஐந்து மாதப் பெண் குழந்தை, கண் குழிந்து, தோல் இழுத்தால் அப்படியே நின்றது. அன்றிரவு தங்கவில்லை. ஆறு நாள் முந்திப் போயிருந்தால், மடியில் போட்டு மறுபடி பாலூட்டச் சொல்லிக் கூடவே இருந்திருப்பேன். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரே போதுமாயிருந்திருக்கும். அந்தத் தாயின் முகம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

இங்கிலாந்தின் கணக்கில் பார்த்தால் 1930-லேயே 1,000-க்கு 60 வரை இறங்கிவிட்டது. பெனிசிலின் சாதாரண சனத்தின் கைக்கு வந்தது 1940-களின் நடுவுக்குப் பிறகுதான். மருந்து வருமுன்னே சுத்தமான தண்ணீரும், நல்ல பாலும், சிறிய குடும்பமும், வீட்டுக்கு வந்துபோன பெண்களும் பாதிக்கு மேல் வேலையை முடித்திருந்தார்கள். மருந்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தடுப்பூசியும், 1948-ல் வந்த இலவச மருத்துவமும், குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் இயந்திரங்களும் இல்லாமல் 1950-ல் 30 ஆக இருந்தது இன்று நாலளவுக்கு இறங்கியிருக்காது.

மகளுடன் ஒரு சின்னச் சண்டையும் வந்தது. பேரனை நான் ஒருக்களித்துக் கிடத்தி, கம்பளியை நெஞ்சுவரை இழுத்துவிட்டேன். "அம்மா, நிமிர்த்திக் கிடத்துங்கோ, போர்வை வேண்டாம்" என்று ஓடிவந்தாள். அவள் சொன்னதுதான் சரி. முன்பு குழந்தையைக் குப்புறக் கிடத்தச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் வைத்தியர்களேதான். தொட்டிலில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. 1991-ல் நிமிர்த்திக் கிடத்துங்கள் என்று பிரசாரம் செய்ததும் அந்த இறப்புகள் சில வருடங்களிலேயே பாதிக்கும் கீழே விழுந்தன. ஒரு புத்திமதியை மாற்றியதால் மட்டும்! எங்கள் ஏணையில் குழந்தை எப்போதும் மல்லாந்துதான் கிடந்தது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பத்தாம் நாளுக்குப் பிறகு, பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்க்கும் தாதியான ஹெல்த் விசிட்டர் வந்தார். பேரனின் எடை பார்த்தார், பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தில் புள்ளி வைத்தார், மகளைத் தனியாக இருத்தி நித்திரை வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டார். நானும் இதே வேலைதான் என்று மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தங்களில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்றார். அது எனக்குப் பயத்தைத் தந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ல் 3.6 வரை இறங்கிய கணக்கு, 2017-ல் 3.9 ஆகியிருக்கிறது. வறிய பகுதிகளில் இன்றும் வசதியான பகுதிகளைப் போல இரு மடங்கு. ஒருமுறை இறங்கியது தானாக அங்கேயே நிற்காது.

பேரனுக்குப் போன மாதம் ஒரு வயது. விமானநிலையத்தில் மிஞ்சிய ஒரு பவுண் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தடியில் வைத்திருந்தேன். பிறந்தநாளன்று பத்திரகாளி கோயில் உண்டியலில் போட்டேன்.

இங்கே திருகோணமலை உவர்மலையில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதற்குழந்தை. பிறந்து பதினேழு நாள். இந்தப் பகுதிக்குரிய உத்தியோகத்தர் இரண்டு பகுதியைப் பார்க்கிறார், இன்னும் வந்து சேரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்த ஸ்கூட்டியை நானும் ஓட்டியவள். பின்னேரம் நானே போய்ப் பார்த்தேன். தொப்புள் காய்ந்திருக்கிறது. தாய்க்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாயிருந்தது, இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்துப் பிழிந்துவிட்டேன். வியாழக்கிழமை கிளினிக். கொப்பியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், நானும் கூடப் போகிறேன்.