பாரஃபின் மெழுகும் எட்வர்ட் பர்செலும்

எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளில் ஒன்று, அலுவல் நேரம் போக மிஞ்சிய மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் நடந்தது என்பதை இன்னும் நிறைய பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கதிர்வீச்சு ஆய்வகத்தில் ரேடார் வேலை பார்த்தவர். அங்கே 1.25 சென்டிமீட்டர் அலையில் ஒரு ரேடார் செய்தார்கள். காற்றிலிருந்த நீராவியே அந்த அலையை விழுங்கிவிட்டதால் அது தேறவில்லை. ஆனால் எந்தப் பொருள் எந்த அலையை உறிஞ்சும், ஏன் உறிஞ்சும் என்ற கேள்வி அவரை விடவில்லை.

ஹைட்ரஜனின் கருவான புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் அதற்கு இரண்டே நிலைகள். சரியான ரேடியோ அலை கிடைத்தால் கீழ்நிலையிலிருந்து மேலே தாவும், அதே அலை மேலே இருப்பதைக் கீழேயும் தள்ளும், அதனால் கீழே கூடுதலாக இருப்பவைதான் கணக்கில் வரும். அந்தக் கூடுதல் எவ்வளவு தெரியுமா? அவர்கள் பயன்படுத்திய புலத்தில், சாதாரண அறை வெப்பத்தில், பத்து லட்சத்துக்கு இரண்டோ மூன்றோதான்!

1945 டிசம்பரில் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்ட் மூவரும், காஸ்மிக் கதிர் ஆய்வுக்காக இருந்த ஒரு பழைய காந்தத்தை இரவல் வாங்கி, அதற்குள் ஹைட்ரஜன் நிறைந்த பாரஃபின் மெழுகைச் சுமார் 850 கன சென்டிமீட்டர் வைத்தார்கள். புரோட்டான்கள் சமநிலைக்கு வரவே, அதாவது கீழ்நிலையில் அந்தக் கூடுதல் சேரவே, பல மணி நேரம் ஆகலாம் என்ற பயத்தில் காந்தத்தை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள், முதல் முயற்சியில் ஒன்றும் வரவில்லை. 15ஆம் தேதி, சனிக்கிழமை, மின்னோட்டத்தை முடிந்த மட்டும் ஏற்றிவிட்டு மெல்ல இறக்கும்போதுதான் மீட்டர் முள் அசைந்தது. மெழுகின் புரோட்டான்கள் ரேடியோ அலையை உறிஞ்சின என்பதற்கு அதுதான் அடையாளம்; இதற்குத்தான் அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்று பெயர். அப்புறம் பார்த்தால், சமநிலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

அதே சமயம் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு தனியாக, தண்ணீரில், இதையே கண்டது. 1952இல் நோபல் பரிசு பர்செல், பிளாக் இருவருக்கும்.

எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது 1951இல் நடந்ததால். மாணவர் யூவனுடன் சேர்ந்து, ஆய்வக ஜன்னலுக்கு வெளியே ஒரு கொம்பு ஆன்டெனாவை நீட்டி, விண்வெளி ஹைட்ரஜன் வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை முதலில் பிடித்தார்கள். உடனே அச்சிட்டுப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர்களோ அதே அலையைத் தேடிக்கொண்டிருந்த நெதர்லாந்துக்காரர்களிடம் விவரத்தைச் சொல்லி, ஆஸ்திரேலியர்களுக்கும் தெரிவித்து, அவர்களும் பார்த்து உறுதிசெய்யும்வரை பொறுத்திருந்தார்கள். ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டு, நெதர்லாந்துக் கட்டுரைகள் ஒன்றாகவே வந்தன, ஆஸ்திரேலியாவின் உறுதிச் செய்தியும் கூடவே.